வீட்டுக்குள் விமானி அறை: பலகையா, இரும்பா, ஃபைபரா?

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கில், மேசையில் ஜாய்ஸ்டிக்கைப் பூட்டி, ஒற்றைத் திரையில் சீனன்குடா ஓடுபாதையிலிருந்து எழும்பிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மேசை அலுத்துவிடும். சுற்றிலும் பலகையும் முன்னால் யன்னல் சட்டமும் உள்ள ஒரு கூடு வேண்டும் என்று மனம் கேட்கத் தொடங்கும். திருகோணமலையில் அதற்குக் கிடைக்கும் ஆலோசனை, யாரிடம் போய்க் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தச்சர் பலகை என்பார். கேற் செய்யும் பட்டறைக்காரர் இரும்பு என்பார். கடற்கரையில் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு படகு கட்டுபவரோ, "ஃபைபரில் வார்த்துத் தருகிறேன் தம்பி, ஆயுளுக்கும் கிடக்கும்" என்பார். மூவர் சொல்வதும் அவரவர் தொழிலுக்குச் சரிதான். விமானி அறைக்குச் சரியா என்பது வேறு கேள்வி.

கூடு என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. உட்காரும் ஆளின் பாரத்தையும் அவர் கை கால்கள் கொடுக்கும் விசையையும் தாங்குவது சட்டகத்தின் வேலை. விமானம் போலத் தோன்றுவதும் வெளிச்சத்தை மறைப்பதும் உறையின் வேலை. இரண்டையும் ஒரே பொருளிடம் ஒப்படைக்கும்போதுதான் காசு கரைகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடிச்சட்டகம் இரும்பு, வடிவம் கொடுக்கும் விலாக்கள் பிளைவூட், உறை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, கூரை வேண்டாம். இதற்கு உடன்படாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நியாயத்தையும் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய கூடு?

பொருளுக்கு முன் அளவு. செஸ்னா 172இன் உள் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர்தான். இருவர் தோள் உரச உட்காரும் விமானம் அது. பத்தடிக்குப் பத்தடி அறையில் அதை வைத்துவிட்டு, சுற்றிவர நடந்தும் போகலாம். செஸ்னா கரவான் என்றால் அகலம் 1.6 மீற்றர். போயிங் 737இன் உடலகலம் 3.76 மீற்றர். மூக்குப் பக்கம் குறுகிப் போனாலும், இரு ஆசனம், நடுமேடை, பக்கப் பலகைகள் என்று எல்லாம் சேரும்போது அறை நிரம்பிவிடும். பின்னால் ஒரு வயர் கழன்றால் அதைப் பூட்டுவதற்குக் கூட்டையே இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

737தான் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. கப்டனின் பாதியையும் நடுமேடையையும் மட்டும் கட்டி, வலப்பக்கத்தைத் திறந்தே விடலாம். தனியாகப் பறப்பவருக்கு வலது ஆசனம் துணி காயப்போடத்தான் உதவும். ஏர்பஸ் 320 பிரியர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சலுகை இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குச்சி பக்கவாட்டில் இருப்பதால், தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் தண்டு கிடையாது. தரைப்பலகையின் வேலை பாதியாகக் குறைகிறது. ஆனால் குச்சியை ஏற்கும் பக்கமேடை அசையாமல் நிற்க வேண்டும்.

அளவுகளைப் பட்டறையில் மில்லிமீற்றரில் சொல்லிக் குழப்ப வேண்டியதில்லை. சிறு விமானங்களின் வட்டக் கருவிகளுக்கு வெட்டும் துளை மூன்று அங்குலம் ஒரு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). பெரிய விமானங்களின் நடுமேடையில் வானொலிப் பலகைகள் உட்காரும் அகலம் 146 மில்லிமீற்றர், அதாவது ஐந்து அங்குலம் ஆறு நூல். நம் தச்சர்கள் நூல் கணக்கில் வளர்ந்தவர்கள். விமானத் துறையின் இந்தப் பழைய அளவுகளும் அங்குலத்தில் பிறந்தவை.

இன்னொரு அளவை மறந்துவிட வேண்டாம்: உங்கள் அறைக் கதவு. பழைய வீடுகளில் உள்ளறைக் கதவுகள் பல மூன்றடிக்கும் குறைவு. முற்றத்தில் கட்டி முடித்த கூட்டை உள்ளே கொண்டுபோக முடியாமல் நிற்பது இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுவதும் நடக்கும் கூத்து. எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், நட்டும் போல்ட்டும் கொண்டு பிரிக்கக்கூடிய துண்டுகளாகவே கட்ட வேண்டும்.

கால் தள்ளும் விசை

சட்டகத்தைத் தேர்வதற்குக் கையை விடக் காலைத்தான் கவனிக்க வேண்டும். யோக்கை, அதாவது விமானத்தின் கைப்பிடிச் சுக்கானை, இழுக்கும் கை பெரிய விசை கொடுப்பதில்லை. தரையிறங்கியதும் பெடலின் மேல்நுனியை அழுத்திப் பிரேக் போடும் கால், முப்பது நாற்பது கிலோ பாரத்துக்குச் சமமாக இலகுவில் தள்ளிவிடும். ஓடுபாதையின் முடிவு நெருங்கினால் இன்னும் அதிகம். அந்த விசை பெடலை முன்னுக்கும் கதிரையைப் பின்னுக்கும் தள்ளுகிறது. இரண்டும் வெவ்வேறாகத் தரையில் நின்றால், சில்லு வைத்த அலுவலகக் கதிரை சுவர் வரை போய்விடும். ஒரே சட்டகத்தில் பூட்டியிருந்தால் அந்த விசை சட்டகத்துக்குள்ளேயே அடங்கிப் போகும். வீட்டுத் தரைக்கு எதுவும் தெரியாது. கூடு கட்டுவதன் உண்மையான பயன் இதுதான் என்பேன். தோற்றம் அதற்குப் பிறகு.

ஆகவே கதிரை, பெடல், யோக் மூன்றும் ஒரே அடித்தளத்தில் வர வேண்டும். திரையை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. கால் உதைக்கும்போதெல்லாம் அடிவானம் நடுங்கினால் தலை சுற்றும். திரைக்குத் தனி நிலையோ சுவர்ப் பூட்டோ போதும். கதிரைக்கு, பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் இடத்தில் வான் ஒன்றின் முன் ஆசனத்தைத் தண்டவாளத்தோடு வாங்குங்கள். முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி அதோடு சேர்ந்தே வருகிறது.

உயரத்தைக் கண்ணிலிருந்து தொடங்குங்கள். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். திரையில் அடிவானம் அந்த உயரத்தில் வர வேண்டும். கருவிப் பலகையின் மேல்விளிம்பு அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேல்விளிம்பை அழகுக்காக உயர்த்திவிட்டால், மூன்று பாகைச் சரிவில் இறங்கும்போது ஓடுபாதை பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதைச் சோதிக்க மரமோ இரும்போ தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி போதும்.

உப்புக்காற்று, ஈரம், கறையான்

வெளிநாட்டுக்காரர்கள் வரைந்த கட்டுமானத் திட்டங்கள் கணினியில் எத்தனையோ கிடைக்கின்றன. பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகையை, அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையை, நம்பி வரைந்தவை அவை. குளிர்நாட்டு நிலவறைகளுக்கு அது சரி. நம் ஊர் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வருகிறது. அந்த மாதங்களில் அலமாரிக் கதவுகள் இறுகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிறகு கச்சான் வீசும் மாதங்களில் அதே மரம் காய்ந்து சுருங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் யன்னல் கம்பியைத் தொட்டாலே துரு கையில் ஒட்டும். தரைமட்ட வீடு என்றால் கறையானும் கூட்டாளி.

எம்.டி.எஃப். பார்க்க வழுவழுப்பாக இருக்கும், வெட்ட இலகு. எட்டடிக்கு நான்கடி, 18 மில்லிமீற்றர் பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. விளிம்பில் நீர் பட்டால் வீங்கும், வீங்கியது திரும்பாது. விளிம்பில் ஆணி முறுக்கினால் பிளக்கும். கருவிப் பலகையின் முகத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் இருபுறமும் வண்ணம் பூசி.

பிளைவூட்டின் நியாயம்

மரத்துக்கு ஆதரவாகப் பேச வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல் முதல் வெற்றிகரமான பறப்புப் பயிற்சிப் பொறியைச் செய்தபோது, அதைத் தன் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில்தான் செய்தார். மரக்கூடு, அசைப்பதற்கு ஓர்கனில் காற்றடிக்கும் துருத்திகள். இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துதான் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகினார்கள்.

பிளைவூட் வளைவதையும் பலமாக நிற்பதையும் தடிப்பு தீர்மானிக்கிறது. தடிப்பை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் 18 மில்லிமீற்றரில் விலாக்களை வெட்டி நிறுத்தி, அவற்றின் மேல் 4 மில்லிமீற்றர் பலகையை வளைத்துப் பூட்டினால், விமான உடலின் வளைவு தானாக வந்துவிடும். பிழையானால் ஒரு விலாவைக் கழற்றி வேறொன்று வெட்டலாம். கட்டத் தொடங்கிய பின் மனம் மாறாதவர் யாருமில்லை. மனம் மாறும்போது மன்னிக்கும் பொருள் இது ஒன்றுதான்.

எச்சரிக்கையும் வரலாற்றிலேயே இருக்கிறது. மொஸ்கிட்டோ என்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானத்தின் உடலும் இறக்கையும் பிளைவூட். 1944இல் இந்தியா–பர்மாக் களத்தில் சில மொஸ்கிட்டோக்கள் வானிலேயே சிதைந்தபோது, ஒட்டு இணைப்புகளின் மீதும் ஈரம் புகுந்து மரம் வீங்கியதன் மீதும்தான் விசாரணையின் கண் போனது. வெப்பமண்டலத்தில் மரத்தை விட ஒட்டுத்தான் முதலில் கைவிடும். எனவே நீர் தாங்கும் தரத்துப் பலகையைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லை நம்பவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கி வந்து சில மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அது அலமாரிப் பின்பக்கத்துக்கான பலகை. வெட்டிய விளிம்புகளுக்கு வண்ணத்துக்கு முன் சீலர் இரண்டு தடவை பூசுங்கள். ஈரம் முகத்தால் வருவதை விட விளிம்பால் வருவதே அதிகம்.

விலாக்களைத் துல்லியமாக வெட்ட ஒரு குறுக்குவழி. வரைபடத்தை உண்மை அளவில் பதாகை அச்சிடும் கடையில் கொடுத்து ஃபிளெக்ஸில் அடித்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் பத்தடியில் முகம் அடிக்கும் இயந்திரத்துக்கு ஒரு விலா பெரிய விடயமல்ல. அதைப் பலகையில் ஒட்டி, கோட்டின் மேல் ஜிக்சோவை ஓட்டினால் போதும்.

இரும்பு

ஓரங்குல பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, மீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ. இருபதடிக் கம்பி ஒன்று ஐந்தரைக் கிலோவுக்குள் வரும். அடித்தளத்துக்கு ஒன்றரை அங்குலம் எடுத்தாலும் மொத்தப் பாரம் எம்.டி.எஃப். கூட்டை விடக் குறைவாகவே முடியும். வெல்டிங் செய்பவர் நகரில் எந்தத் தெருவிலும் இருக்கிறார். ஒரு கேற் செய்யும் கைக்கு இந்தச் சட்டகம் அரைநாள் வேலை.

கேற் என்ற எண்ணத்திலேயே செய்துவிடுவதுதான் ஆபத்து. கேற் இரண்டு நூல் கோணினால் யாருக்கும் தெரியாது. கருவிப் பலகை இரண்டு நூல் கோணினால் துளைகள் பொருந்தாது. முழுதாகப் பற்றவைக்கும் முன் மூலைகளைப் புள்ளியிட்டு நிறுத்தச் சொல்லி, இரு மூலைவிட்டங்களையும் நீங்களே அளந்து சமமா என்று பாருங்கள். குழாயின் திறந்த வாய்களை மூடச் சொல்லுங்கள். உப்புக்காற்று உள்ளே போனால் துரு உள்ளிருந்து தின்னும். வெல்டிங் பட்ட இடங்களில் துருத்தடுப்புப் பூச்சு அன்றே விழ வேண்டும். நாளைக்கு என்றால் நாளைக்குச் சிவந்திருக்கும். கணினியும் மின்வழங்கியும் இரும்புக்கூட்டில் ஏறப்போகின்றன என்பதால், சட்டகத்துக்கு எர்த் வயர் கட்டாயம்.

இரும்பும் மரமும் சேர்ந்த கட்டுமானம் அரைகுறைச் சமரசம் போலத் தோன்றலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்கள் இந்த முறையில்தான் கட்டப்பட்டிருந்தன: உள்ளே உலோகக் குழாய்ச் சட்டகம், அதன் மேல் வடிவத்துக்கு மர விலாக்கள், பின்னுடலில் அதற்கு மேல் துணி. பாரம் தாங்குவதை உலோகத்திடமும் உருவத்தை மரத்திடமும் விட்ட அந்தப் பங்கீடு வீட்டுக் கூட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஒற்றை ஆசனம், குறுகிய உடல் என்பதால், உண்மையில் ஹரிக்கேனே நம் ஊர்ச் சிற்றறைகளுக்கு அருமையான தேர்வு. ஏன் எல்லோரும் 737ஐயே பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

அலுமினியம் பற்றிச் சுருக்கமாக. பள்ளம் வெட்டிய தொழிற்சாலைத் தண்டுகள் கிடைத்தால் அவைதான் மிக வசதியானவை: வெல்டிங் இல்லை, துரு இல்லை, ஒரு சாவியால் எப்போதும் மாற்றலாம். கொழும்பிலிருந்து தருவிக்க வேண்டும், காசும் பலமடங்கு. அதற்குப் பதிலாக யன்னல் செய்யும் மெல்லிய அலுமினியத்தை ரிவெட் அடித்துக் கொடுக்க ஒருவர் முன்வருவார். வேண்டாம். அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் மூன்றில் ஒன்று. கால் உதைக்கும் இடத்தில் ரிவெட் தளரும், பிறகு ஒவ்வொரு தரையிறக்கத்திலும் கிரீச்சிடும்.

ஃபைபர் என்ற ஆசை

படகு கட்டும் ஊரில் இருந்துகொண்டு ஃபைபர் வேண்டாம் என்று சொல்வது துணிச்சல்தான். பொருள் இங்கே கிடைக்கிறது, கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், துருவும் கறையானும் அண்டாது, வளைவு எப்படியும் வரும். ஆனால் படகுப் பட்டறையில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஓர் அச்சு இருக்கிறது. அதிலிருந்து படகு மேல் படகாக எடுக்கிறார்கள். அச்சின் செலவு பல படகுகளுக்குப் பிரிந்து போகிறது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கூடு. அதற்கு முதலில் மரத்திலோ நுரையிலோ முழு உருவத்தைச் செய்ய வேண்டும். அதைத் தேய்த்து மெருகேற்றி அதன் மேல் அச்செடுக்க வேண்டும். பிறகுதான் அச்சுக்குள் கூட்டை வார்க்க வேண்டும். முதல் படியில் செய்த மர உருவமே உங்களுக்குத் தேவையான கூடாக இருந்திருக்கும்!

தொழில்நுட்பத்திலும் இடர் உண்டு. ஃபைபர் வளைவில் பலம், தட்டையில் பலவீனம். விமானி அறையின் உட்புறமோ பெரும்பாலும் தட்டைப் பலகைகள். அவற்றை விறைப்பாக்கப் பின்னால் மரம் வைத்துத்தான் ஆக வேண்டும். பிசின் இறுகும்போது சுருங்குவதால் தட்டை முகம் அலையாகவும் வரலாம். நம் நண்பகல் வெயிலில் கடினமாக்கி கொஞ்சம் கூடினாலும் பிசின் வாளியிலேயே இறுகிவிடும்; பட்டறைக்காரர்கள் காலையில் வேலையை முடிப்பது அதனால்தான். அந்தக் கடினமாக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இறுகிய பிறகும் பிசினில் உள்ள ஸ்டைரீன் வாடை பல நாள் நிற்கும். படகுக்குக் கடற்கரை முழுவதும் காற்று இருக்கிறது, உங்கள் அறைக்கு ஒரு யன்னல்.

இத்தனைக்கும் பிறகு ஃபைபர் வெல்லும் ஓர் இடம் இருக்கிறது: கருவிப் பலகைக்கு மேலே வரும் அந்த வளைந்த கறுப்பு விளிம்பு. சிறு துண்டு, முற்றத்தில் வைத்துச் செய்யலாம், மரத்தில் கொண்டுவரச் சிரமமான வளைவு.

உறைக்கு நான் முன்மொழிவது பெயர்ப்பலகை செய்பவர்களின் ஏசிபி தகடு. இரு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக். 4 மில்லிமீற்றரில் சதுர மீற்றருக்கு ஐந்தரைக் கிலோதான். பின்புறம் ஒரு கோடு குடைந்தால் கையால் மடிக்கலாம். ஈரம் படாது, கறையான் சீண்டாது, சாம்பல் நிறத்தில் வாங்கினால் வண்ணமும் மிச்சம்.

கூரை

முழுக்க மூடிய கூட்டின் படங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. விளையாட்டுக் கணினி ஒன்று உழைக்கும்போது 400, 500 வாட் வெப்பத்தைக் கக்கும். திரைகள் தம் பங்குக்கு, உங்கள் உடல் இன்னொரு நூறு வாட். ஆவணி மதியத்தில் மூடிய பெட்டிக்குள் இதை வைத்தால் அரைமணி நேரம் தாங்காது. கூரை வைத்தவுடன் மேலே சுற்றும் மின்விசிறியும் உங்களுக்கு இல்லாமல் போகிறது. யன்னல் சட்டங்களை மட்டும் நிறுத்தி, மேலே திறந்தே விடுங்கள். மேற்பலகைச் சுவிட்சுகள் கட்டாயம் வேண்டும் என்றால், சட்டகத்திலிருந்து ஒரு வளைவு எழுப்பி அதில் தொங்கவிடலாம். கணினியைக் கூட்டுக்கு வெளியே வைப்பது எந்த நிலையிலும் நல்லது.

வாடகை வீடு என்றால் இரும்பு அடித்தளமும் பிளைவூட் கருவிப் பலகையும் மட்டும் போதும், பக்கச் சுவர் வேண்டாம். வீடு மாறும் நாளில் ஒரு பட்டா லொறியில் கதிரையோடு ஏறிவிடும். சொந்த வீடும் ஒதுக்க ஓர் அறையும் உள்ளவர்கள் விலாவும் ஏசிபியும் சேர்த்து முழுதாகப் போகலாம். அடித்தளத்தின் கால்களுக்கு ரப்பர் வைத்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தினால், கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். காசு இப்போதைக்கு இல்லாதவர்கள் அட்டைப்பெட்டி மாதிரியோடு சில மாதம் பறந்துவிட்டு இரும்புக்குப் போகட்டும்.

ஃபைபரில் முழுக்கூடு என்பது, ஒரே விமானத்துக்கு உடன்படும் மூன்று நான்கு பேர் சேர்ந்து அச்சுச் செலவைப் பகிர்ந்தால் மட்டுமே கணக்குக்கு வரும். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு போயிங்கா ஏர்பஸ்ஸா என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. அந்த அச்சை யாராவது செய்தால் சொல்லி அனுப்புங்கள். நான் ஹரிக்கேனுக்கு என்றால் மட்டும் பங்கு சேருவேன்.